தையல் பிரிச்சாச்சு... மனசு எப்போ ஆறும்?

புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் மன உளைச்சல்: நோயாளியும் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டியை முழுசா எடுத்தாச்சு."

டாக்டர் இப்படிச் சொன்னதும் வெளியே காத்திருக்கும் குடும்பமே பெருமூச்சு விடும். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போகும். ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ், பத்துப் பதினைந்து நாளில் தையல் பிரிப்பார்கள். "இனிமே கவலையே இல்ல" என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் நோயாளிக்கு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். பிடித்த சீரியல் ஓடும், மனசு அதில் இருக்காது. "எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்ற கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாது.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இந்த நிலையில் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இப்படி இருப்பது கோழைத்தனம் கிடையாது. இதற்குப் பெயர் இருக்கிறது, அளவிட வழி இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் சென்னையிலேயே, இலவசமாகவே கிடைக்கிறது.

அடையாறில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் புற்றுநோய் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அது உருவானதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துக்கம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வேதனைதான் இங்கே ஒரு தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற பிடிவாதமாக மாறியது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, மயிலாப்பூரில் பிறந்தவர். 2021-ல் மறையும்வரை அந்த மருத்துவமனைதான் அவருடைய வாழ்க்கை.

அந்தக் காலத்தில் கேள்வி ஒன்றுதான்: "பிழைப்பாரா?" சிகிச்சை முன்னேற முன்னேற, பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அதோடு இரண்டாவது கேள்வியும் வந்தது: "பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்?"

இந்த இரண்டாவது கேள்விக்காகவே மருத்துவத்தில் ஒரு தனித்துறை உண்டு. அதைப் புற்றுநோய் உளவியல் என்கிறார்கள். நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1977-ல் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மனநல மருத்துவர் இதைத் தொடங்கிவைத்தார். நம் அடையாறு மருத்துவமனையிலும் புற்றுநோய் உளவியலுக்கென்று தனித்துறை செயல்படுகிறது. இந்திய நோயாளிகளின் வாழ்க்கைச் சூழலுக்கு ஏற்ற வாழ்க்கைத்தரக் கேள்விப்பட்டியல் ஒன்றை அங்குள்ளவர்களே உருவாக்கி, 2005-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். உடம்பைப் போலவே மனசையும் கேள்வி கேட்டு அளக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு ஏன் அதிகமாகிறது?

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நாள் வேகமாக ஓடிவிடும். காலையில் ரவுண்ட்ஸ், டிரெயின் குழாயில் எவ்வளவு வந்தது என்று பார்ப்பது, டிரெஸ்ஸிங், மாத்திரை. யாராவது வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பக்கத்துப் படுக்கையில் அதே நோயோடு ஒருவர் இருப்பார். அவரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதெல்லாம் நின்றுபோகும். அப்போதுதான் நடந்தது என்ன என்று மனசுக்கு உறைக்க ஆரம்பிக்கும். அதனால்தான் பலருக்கு மன உளைச்சல் டிஸ்சார்ஜுக்குப் பிறகும், சில சமயம் கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்த பிறகும் தலைகாட்டுகிறது. "சிகிச்சை முடிஞ்சா சந்தோஷமா இருக்கணும்தானே" என்று குடும்பம் குழம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

பொதுவாக மனசைப் போட்டுப் பிசைவது இவைதான்:

ரிப்போர்ட் பயம். எடுத்த கட்டி பயாப்ஸிக்குப் போயிருக்கும். ரிப்போர்ட் வரும்வரை ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். அதற்குப் பிறகும், ஒவ்வொரு செக்கப்புக்கும் ஸ்கேனுக்கும் ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடும். லேசான தலைவலி, முதுகுவலி வந்தால்கூட "திரும்ப வந்துடுச்சோ?" என்று தோன்றும்.

உடம்பில் வந்த மாற்றம். மார்பகத்தை எடுத்த பெண்ணுக்கு ரவிக்கை பழையபடி உட்காராது. தி. நகர் ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போனால் டெய்லரிடம் அளவு கொடுக்கவே கூச்சம். மயிலாப்பூர் மாட வீதியில் கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போகாமல் இருக்க ஒரு காரணம் தேடுவார். வாய்ப் புற்றுநோய்க்குத் தாடையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண், கல்யாணப் பந்தியில் உட்காரத் தயங்குவார். குரல்வளையை எடுத்தவருக்குப் பேச்சே போயிருக்கும். வயிற்றில் மலப்பை வைத்தவர், வாடை வருமோ என்று பஸ்ஸில் ஏறப் பயப்படுவார். இதையெல்லாம் "சின்ன விஷயம்" என்று தள்ளிவிடாதீர்கள். வெளியே போவதையும் வேலைக்குத் திரும்புவதையும் கணவன் மனைவி நெருக்கத்தையும் நிறுத்திவைப்பது பெரும்பாலும் இவைதான்.

பணக் கவலையும் குற்ற உணர்ச்சியும். "பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச நகையை எனக்காக அடகு வெச்சுட்டாங்க." "எல்லாருக்கும் பாரமா ஆயிட்டேன்." இந்த வரிகளைச் சொல்லாத நோயாளிகள் குறைவு.

ரகசியத்தின் சுமை. "அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டாம்", "சம்பந்தி வீட்டுக்குத் தெரியவே கூடாது" என்று குடும்பம் முடிவு எடுத்துவிடும். வலியோடு நடிப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய நிலை நோயாளிக்கு.

எத்தனை பேருக்கு இப்படி?

2011-ல் லான்செட் குழுமத்தின் புற்றுநோய் ஆய்விதழ், நோயாளிகளை நேரில் பேட்டி கண்டு நடத்தப்பட்ட 94 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனையில் சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகளில் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம், சூழலுக்குப் பழக முடியாத தவிப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது. மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருக்கும் 10 பேரில் 3 அல்லது 4 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

அந்தக் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 10-ல் 6 பேருக்கு மேல் அந்த நிலைக்குப் போகவில்லை.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 285 பெண்களை, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலிருந்து 8 மாதம்வரை தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. 66 சதவீதம் பேர் ஆரம்பத்திலிருந்தே ஓரளவு நிதானமாகவே இருந்தார்கள். 12 சதவீதம் பேர் முதலில் மிகவும் தவித்து, பிறகு தேறினார்கள். 7 சதவீதம் பேர் தேறத் தாமதமானது. 15 சதவீதம் பேருக்கு உளைச்சல் குறையவே இல்லை. அதே பெண்களை 6 வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த நான்காவது குழுவினர் மற்றவர்களைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, பெரும்பாலானவர்கள் மீண்டு வருகிறார்கள். இரண்டு, "நாள் ஆக ஆகச் சரியாயிடும்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு உதவி தேவை. அதுவும் முதல் சில மாதங்களிலேயே தேவை.

மீண்டெழும் திறன் என்றால் என்ன?

"தைரியமா இரு", "அழக் கூடாது", "பாசிட்டிவா நினை". ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் நோயாளி தினமும் கேட்கும் அறிவுரை இது. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மீண்டெழும் திறன் என்பது கண்ணீரே வராத நிலை அல்ல. அழுது முடித்த பிறகு எழுந்து, அன்றைய மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, அடுத்த செக்கப் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பதுதான் அது. பிறக்கும்போதே வரும் குணமும் அல்ல. தூக்கம், உடற்பயிற்சி, பேச ஒரு ஆள், பணப் பிரச்சினைக்கு ஒரு வழி, தேவைப்பட்டால் சிகிச்சை இவையெல்லாம் சேர்ந்து கட்டுவது அது. அதனால் யாருக்கும் வளர்க்க முடியும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "நீ இப்படி அழுதா நோய் திரும்ப வந்துடும்" என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் தகவல்களை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. நோயாளி மன அளவில் எவ்வளவு நன்றாக இருக்கிறார் என்பதற்கும் எவ்வளவு காலம் உயிர் வாழ்கிறார் என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. ஆகவே அழுததற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் மனசைக் கவனிக்கவே வேண்டாமா? கட்டாயம் கவனிக்க வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் செக்கப்புக்குப் போகாமல் விடுவார், கரண்ட் வைக்கும் தேதியைத் தள்ளிப்போடுவார், "என்ன பிரயோஜனம்" என்று மாத்திரையை நிறுத்துவார். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகளை 5 வருடம், சிலருக்கு 10 வருடம்வரை விடாமல் எடுக்க வேண்டும். மனசு தளர்ந்தால் முதலில் விடுபடுவது அந்த மாத்திரைதான். ஆபத்து அங்கே இருக்கிறது. அதோடு, மீதி வாழ்நாளை நிம்மதியாக வாழ்வதும் உங்கள் உரிமைதானே?

0 முதல் 10 வரை: உங்கள் எண் என்ன?

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல மன உளைச்சலுக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. உலகம் முழுக்கப் பல புற்றுநோய் மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். செய்வது சுலபம். கைபேசியில் நோட்ஸைத் திறந்து இந்த மூன்று படிகளைச் செய்யுங்கள்.

1. இன்றையும் சேர்த்து, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனக் கஷ்டம் எவ்வளவு? கஷ்டமே இல்லை என்றால் 0. தாங்கவே முடியவில்லை என்றால் 10. மனசுக்குத் தோன்றும் எண்ணை எழுதுங்கள்.

2. எதனால் என்று எழுதுங்கள். உடம்பா (வலி, தூக்கம், பசி, களைப்பு)? மனசா (பயம், சோகம், எதிலும் பிடிப்பு இல்லாமை)? குடும்பமா? பணம், வேலை, போக்குவரத்தா? "கடவுள் ஏன் எனக்கு இப்படிச் செய்தார்" என்பது போன்ற கேள்விகளா?

3. எண் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ நர்ஸிடமோ அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

"மனசு சரியில்ல டாக்டர்" என்று சொல்வதைவிட, "இந்த வாரம் என் நம்பர் 7, காரணம் தூக்கமும் பணமும்" என்று சொல்வது சுலபம். கூட்டமான ஓ.பி.யில் டாக்டருக்கும் அது சட்டென்று புரியும். காரணம் வலி என்றால் வலிக்கு மருந்து, பணம் என்றால் காப்பீட்டு உதவி, பயம் என்றால் ஆலோசகர் என்று சரியான இடத்துக்கு அனுப்புவார்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சோகம் அலை மாதிரி வந்து போகும். நடுநடுவே சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோய் அப்படி விட்டுப் போகாது. கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்:

• நாள் முழுக்க மனசு இருண்டு கிடப்பது
• பேரப்பிள்ளை வந்தால்கூட சந்தோஷம் வராத அளவுக்கு எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது
• "நான் எதுக்கும் லாயக்கில்ல", "இனிமே ஒண்ணும் இல்ல" என்ற எண்ணம்
• தூக்கம் வராமல் இருப்பது, அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பது
• திடீர் திடீரென்று படபடப்பு, மூச்சு முட்டல், செத்துப்போய்விடுவோமோ என்ற பயம்

களைப்பும் பசியின்மையும் கீமோவாலும் வரலாம், ரத்தசோகை, தைராய்டு கோளாறாலும் வரலாம். அதனால் "இது மனசா, உடம்பா?" என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416-க்கு அழையுங்கள். ஆபத்து உடனடி என்றால் 108. வீட்டில் இருப்பவர்களுக்கு: "அப்படி ஏதாவது தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் அவர் மனம் திறப்பார். தனியாக விடாதீர்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

நடை. புற்றுநோய்க்குப் பிந்தைய உடற்பயிற்சி பற்றி 2019-ல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று பரிந்துரை வெளியிட்டது. வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் மிதமான உடற்பயிற்சி என்று சில மாதம் தொடர்ந்தால் பதற்றமும் மனச்சோர்வும் களைப்பும் குறையும் என்றது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு 5 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி. நகரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, அடையாறு பக்கம் பெசன்ட் நகர் கடற்கரை. வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டு வந்துவிடுங்கள்.

கைப்பயிற்சி. மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு சொல்லிக்கொடுக்கும் தோள், கைப் பயிற்சிகளை விடாதீர்கள். கை வீங்கினால் உடனே இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். கை வழக்கம்போல உயர்ந்தால் தலை பின்னலாம், கொடியில் துணி காயப்போடலாம். அதுவே மனசுக்குப் பெரிய தெம்பு.

தோற்றத்துக்குத் தீர்வு கேளுங்கள். செயற்கை மார்பகமும் அதற்கேற்ற உள்ளாடையும் கிடைக்கின்றன. புண் ஆறும்வரை லேசான பருத்தி வகையைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் சர்ஜரி மூலம் மார்பகத்தைத் திரும்ப அமைக்க முடியுமா என்றும் கேட்கலாம். குரல்வளை எடுத்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் மாற்றுக் குரல் வழிகளும் உண்டு. மலப்பை வைத்தவர்களுக்கு அதைப் பராமரிக்க நர்ஸ்கள் சொல்லித்தருவார்கள். "இதைக் கேட்கலாமா?" என்ற தயக்கமே வேண்டாம். உங்கள் சிகிச்சையில் இதுவும் அடக்கம்.

கூகுளுக்கு நேரக் கட்டுப்பாடு. ராத்திரியில் படுத்துக்கொண்டு நோயைத் தேடிப் படிப்பதை நிறுத்துங்கள். சந்தேகங்களை எழுதி வைத்து செக்கப்பில் கேளுங்கள். சமூக ஊடகத்தில் வரும் "ஒரே வாரத்தில் குணமாக்கும் கஷாயம்" வீடியோக்களை நம்பி சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

அதே பாதையில் போனவரிடம் பேசுங்கள். உங்களுக்கு நடந்த அதே ஆபரேஷனைச் செய்து 5 வருடம் ஆனவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்ப்பது, பத்து அறிவுரைக்குச் சமம். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஆதரவுக் குழு இருக்கிறதா என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

குடும்பத்துக்கு நாலு வார்த்தை

நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பது நம் வீடுகளில் சகஜம். நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1961-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், சுமார் 90 சதவீத மருத்துவர்கள் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் "சொல்வோம்" என்றார்கள். ஒரு தலைமுறைக்குள் பழக்கம் தலைகீழாக மாறியது. மறைத்தாலும் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். கீமோ வார்டு போர்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறென்ன வேண்டும்? தெரிந்தும் தெரியாததுபோல நடிக்கும்போது பயத்தைப் பகிர ஆளே இல்லாமல் போகிறது. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்று அவரையே கேளுங்கள். அவர் விரும்பும் அளவு சொல்லுங்கள்.

• "அழாதே" என்பதற்குப் பதில்: "அழணும்னா அழும்மா, நான் இங்கேதான் இருக்கேன்."
• "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்பதற்குப் பதில்: "எது ஆனாலும் சேர்ந்தே பார்த்துக்கலாம்."
• "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பதற்குப் பதில்: "வியாழக்கிழமை செக்கப்புக்கு நான் கூட வரேன்."
• "இவரைவிட மோசமா இருந்தவங்க எத்தனையோ பேர்" என்ற ஒப்பீடு வேண்டவே வேண்டாம்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தனித் தட்டு, தனித் தம்ளர் தேவையில்லை. குழந்தைகள் வந்து கட்டிப்பிடிக்கலாம். அவர்கள் வயதுக்குப் புரிகிற மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் "நான் சேட்டை பண்ணதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு" என்று அவர்களாகவே கதை கட்டிக்கொள்வார்கள்.

கவனித்துக்கொள்பவரும் மனுஷர்தான். ராத்திரி விழித்து, பகலில் வேலைக்குப் போய், பணத்துக்கு அலையும் மகனுக்கோ மனைவிக்கோ அந்த 0–10 கேள்வி பொருந்தும். உங்கள் எண்ணையும் எழுதிப் பாருங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

14416: நட்புடன் உங்களோடு மனநல சேவை. டெலி மனாஸ் திட்டத்தின் எண். 24 மணி நேரமும், தமிழில், கட்டணமின்றிப் பேசலாம். நோயாளி, குடும்பத்தார் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

104: மருத்துவ உதவி எண். எந்த மருத்துவமனையில் எந்தச் சேவை என்று தெரிந்துகொள்ளவும், மன ஆலோசனைக்கும்.

சினேகா, 044-24640050. தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் தன்னார்வ அமைப்பு.

அரசு மருத்துவமனைகள். மயிலாப்பூர், தி. நகர் பகுதிக்கு அருகில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு உள்ளது. மனநலத்துக்கென்றே கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே மன ஆலோசகர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அலைச்சல் மிச்சம்.

மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் திட்டம். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைப் பாதுகாப்பு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று தேவை. கட்டணமில்லா எண்: 1800 425 3993. பணக் கவலைதான் உங்கள் எண்ணை ஏற்றுகிறது என்றால் முதல் மருந்து இதுதான்.

ரயில் கட்டணச் சலுகை. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ வரும் புற்றுநோயாளிகளுக்கும் உடன் வருபவர் ஒருவருக்கும் ரயில்வே சலுகை உண்டு. நோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் முழுச் சலுகை. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

மனநல மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவேனா?
மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதை தருபவை அல்ல. பலன் தெரிய சில வாரம் ஆகும். டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில வகைத் தூக்க மாத்திரைகளுக்குப் பழகிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள்.

புற்றுநோய் மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா?
பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடும். வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மனநல மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டு போங்கள்.

மனநல சிகிச்சை எடுத்தால் பதிவாகி, பின்னாடி பிரச்சினை வருமா?
2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. உங்கள் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது சிகிச்சை தருபவர்களின் கடமை.

அடுத்த செக்கப்புக்குப் போகும் முன்

ஃபைலில் பழைய ரிப்போர்ட், ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் எடுத்து வைப்பீர்கள். அதோடு ஒரு துண்டுச் சீட்டையும் வையுங்கள். அதில் உங்கள் எண், காரணம், கேட்க நினைக்கும் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும், வழக்கமான "நல்லா இருக்கேன் டாக்டர்" வாயில் வருவதற்கு முன் அந்தச் சீட்டை நீட்டிவிடுங்கள்.